அரவம் படிக்கத் தெரிந்தவன்

செகந்தராபாத் ரெஜிமெண்டல் பஜாரில் ‘வக்கீல் ஜம்புநாதன் வீடு எது’ என்று யாரைக் கேட்டாலும் சட்டென்று கை காட்டிவிடுவார்கள். உண்மையில் அவர் வக்கீலே இல்லை. சட்டம் படித்தார், நன்றாகத்தான் படித்தார், ஆனால் ஒரு நாள்கூட எந்தக் கோர்ட்டிலும் எழுந்து நின்று வாயைத் திறந்ததில்லை. நிஜாம் சர்க்காரின் சட்டக் கச்சேரி ஒன்றில் பதினொரு வருஷம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தார். நாற்பத்தெட்டில் சர்க்காரே போனபோதுதான் அவரும் வெளியே வந்தார். இரண்டு மாதப் பயிற்சிக்கு என்று போன மனிதர் பதினொரு வருஷம் எப்படி அகப்பட்டுக்கொண்டார் என்பதுதான் விஷயம்.

அகப்பட்டுக்கொண்டபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. அந்த வயதில் பண்ணிய காரியத்துக்கு ‘அவர்’ என்பது கொஞ்சம் அதிகம். ‘அவன்’ போதும்.

ஜம்புநாதனின் அப்பா பத்மநாபன் லாலாகூடா ரயில்வே பட்டறையில் டைம்கீப்பர். ஆயிரம் பேர் வருவதையும் போவதையும் குறித்துக் குறித்து, தன் பிள்ளை யாருடைய மணிக்கும் ஓடாத சர்க்கார் உத்தியோகத்தில் உட்கார வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். சர்க்கார் என்றால் உருது. ஆகவே பையனை ஐந்து வயதில் உருதுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். பெண் அலமுவுக்கு அவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. பக்கத்துத் தெருவில் மிஷன்காரர்கள் நடத்திய தமிழ்ப் பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார். விளைவு, பிள்ளை உருதுவில் முத்து முத்தாக எழுதினான், பாரசீகக் கவிதையை ராகம் போட்டுச் சொன்னான், வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசினான். தமிழில் ஒரு கடிதம் வந்தால் மட்டும் தங்கையிடம் நீட்டினான். அச்சில் இருந்தால் எழுத்துக்கூட்டி ஒரு வரி படிப்பான், இரண்டாவது வரியில் தலைவலி வந்துவிடும். வீட்டில் இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. வெளியே யாருக்கும் தெரியாது.

சட்டக் கல்லூரியில் படிப்பவர்கள் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் சர்க்கார் சட்டக் கச்சேரியில் வேலை பழக வேண்டும். வேலை முடிந்ததும் ‘இவன் பொறுப்பில் சர்க்கார் காகிதம் எதுவும் பாக்கியில்லை’ என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதற்குப் பாரிகத்து என்று பெயர். அந்தப் பாரிகத்து இல்லாமல் வக்கீலாகத் தொழில் செய்யும் அனுமதிக்கு, அதாவது சனதுக்கு, மனுவே போட முடியாது. ஜம்புநாதனுக்கு எல்லாம் தயாராக இருந்தது. செகந்தராபாத்தில் வேதாசலம் என்ற பெரிய வக்கீல், ஜூலை பதினைந்தாம் தேதி பாரிகத்தோடு வந்தால் தன் அறையில் ஒரு நாற்காலி போடுவதாகச் சொல்லியிருந்தார். “பதினாறாம் தேதி வந்தா அந்த நாற்காலியில வேற யாராவது உக்காந்திருப்பா, தெரிஞ்சுக்கோ” என்றும் சொல்லியிருந்தார். அவரிடம் வருவதற்குப் பையன்கள் வரிசையில் நின்றார்கள்.

அதே ஜூலையில் அலமுவும் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. மதராஸில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது, விடுதியோடு. பத்மநாபன் நான்கு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு வேண்டா வெறுப்பாக ‘சரி’ என்றிருந்தார். அந்தச் ‘சரி’ எப்போது ‘வேண்டாம்’ ஆகுமோ என்று அலமு பெட்டியை ஏப்ரலிலேயே கட்டி வைத்துவிட்டாள்.

ஃபஸ்லி 1346, தீர் மாதம், நம் கணக்கில் 1937 மே. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்பு ஷேர்வானி, தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி, இந்த வேஷத்தில் ஜம்புநாதன் சைக்கிளில் ஹுசேன் சாகர் கரை வழியாகக் கச்சேரிக்குப் போனான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஷேர்வானி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கச்சேரிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அப்பாவின் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஒரு பகல் கிடையாது.

கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தேதார் அப்துல் ரஹீம்தான் எல்லாம். மருதாணி போட்ட தாடி, மெல்லிய குரல், யாரையும் கடிந்து பேசாத மனிதர். முதல் நாள் ஆறு மாணவர்களையும் ஜமக்காளத்தில் உட்காரவைத்துக் கச்சேரி வழக்கத்தைச் சொன்னார். ஒவ்வொரு வழக்கின் காகிதங்களும் சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு கட்டு. கட்டோடு ஒரு பொறுப்புச் சீட்டு தொங்கும். அதில் கையெழுத்துப் போட்டவன் கட்டு முழுவதையும் படித்து உருதுவில் சுருக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை கட்டு அவன் கழுத்தில். கட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதமோ, அதன் நகலோ வாசலைத் தாண்டக் கூடாது. போகும்போது வாசல் ஜவான் பையைத் தடவிப் பார்ப்பான்.

சொல்லி முடித்துவிட்டு, ஓரத்தில் தூசி படிந்து கிடந்த ஒரு கட்டைத் தட்டினார்.

“உங்களில் யாருக்காவது அரவம் படிக்கத் தெரியுமா, மியான்?” என்று உருதுவில் கேட்டார். தமிழை அங்கே அரவம் என்றுதான் சொல்வார்கள்.

ஐந்து பேரும் திரும்பி ஜம்புநாதனைப் பார்த்தார்கள். அந்த ஐந்து பேரில் தெலுங்கன் தெலுங்கு படிப்பான், மராத்திக்காரன் மராத்தி படிப்பான், மற்ற மூவருக்கும் உருது தாய்ப்பால். ‘நான் தமிழன்தான், ஆனால் தமிழ் படிக்க வராது’ என்று இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் ஐந்து பேர் சிரித்திருப்பார்கள், சாயந்திரம் மறந்திருப்பார்கள். மானம் கெட்டுப்போகும் என்று பயந்து, பையன் வாழ்க்கையைக் கொடுத்துவிட்டான்.

“ஹவ், சாஹேப்” என்று ஆமாம் போட்டான்.

“அல்லா உனக்கு நல்லது செய்யட்டும். பதினேழு வருஷமாக இது ஒரு படிக்கிற கண்ணுக்காகக் காத்துக்கிடக்கிறது” என்றார் அப்துல் ரஹீம். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் வந்துவிட்டது. ஜம்புநாதன் பொறுப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டான். அழகான உருதுக் கையெழுத்து.

அன்றைக்கு மத்தியானம் கட்டைப் பிரித்துப் பார்த்தான். பதினேழு மனுக்கள், வருஷத்துக்கு ஒன்று. புள்ளி இல்லை, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இல்லை, கொம்பும் காலும் ஒன்றோடொன்று கட்டிப்புரண்டு கிடந்தன. கூலிக்கு மனு எழுதுகிறவர்களின் அவசரக் கையெழுத்து. அச்செழுத்தே தகராறு பண்ணுகிற ஆளுக்கு இது காடு. நான்கு நாள் முறைத்துப் பார்த்தான். ‘உப்பல்’ என்ற ஒரு சொல்லை மட்டும் கண்டுபிடித்தான், அதுவும் சந்தேகமாக. மராத்திக்காரன் இதற்குள் இரண்டு கட்டு முடித்துவிட்டு மூன்றாவதை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் வீட்டில் அலமுவிடம் சொன்னான். அவள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அண்ணா, தமிழ் தெரியுமான்னு கேட்டா உனக்கு எதுக்கு இந்த வீம்பு? நக்கோ, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரப்படாதா?”

“சொல்லலை. இப்ப என்ன பண்றது, அதைச் சொல்லு.”

“காயிதத்தைக் கொண்டா, படிச்சுச் சொல்றேன்.”

அலமுவுக்கு அந்தக் கையெழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பன்னிரண்டு வயதிலிருந்து தெருவில் எல்லார் வீட்டுக்கும் அவள்தான் கடிதம் படிப்பாள். தஞ்சாவூர் மாமியாரும் சேலத்து மைத்துனரும் எழுதும் கிறுக்கலையெல்லாம் படித்துப் படித்துத் தேறியவள். ஆனால் காகிதம் வெளியே வராதே! அப்போதுதான் ஜம்புநாதனுக்குச் சட்டை ஞாபகம் வந்தது.

ஷேர்வானிக்குள்ளே போடும் வெள்ளைச் சட்டை முழங்கால்வரை தொங்கும். ஜவான் பையைத் தடவுவானே தவிர ஷேர்வானியைக் கழற்றச் சொல்ல மாட்டான். மறுநாள் முதல் ஜம்புநாதன் ஆவணக் கிடங்கின் மூலையில் சாய்மேஜையின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, சட்டையின் கீழ்ப்பகுதியைத் தொடைமேல் விரித்து, மனுவில் இருந்ததைப் பென்சிலால் அப்படியே வரைந்தான். எழுதினான் என்று சொல்ல முடியாது, கோலம் போடுகிற மாதிரி வரைந்தான். உருது பழகிய கை வலமிருந்து தொடங்கும், வரியின் கடைசியில் இடம் போதாமல் எழுத்துகள் இடப்பக்கம் நெரிசலில் நிற்கும். ஒரு சட்டைக்கு அரை மனுதான் கொள்ளும், ஒரு மனுவுக்கு இரண்டு நாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு வியர்வையைத் துடைப்பான். வியர்வை நிஜமாகவே கொட்டும்.

சாயந்திரம் சமையலறைத் தரையில் சட்டையை விரித்துப் போட்டு அலமு படிப்பாள். ஜம்புநாதன் உருதுவில் எழுதிக்கொள்வான், மனப்பாடம் பண்ணுவான், மறுநாள் கச்சேரியில் சுருக்கத்தில் ஏற்றுவான். படித்து முடித்ததும் அவளே சட்டையைத் தோய்த்துவிடுவாள். முதல் நாள் சட்டையைப் பார்த்ததும், “ஏன் எல்லாம் கவிழ்ந்து விழறது? வண்டி ஏத்தின மாதிரி இருக்கே!” என்று கேலி பண்ணிக்கொண்டேதான் ஆரம்பித்தாள். நான்காவது வரியில் கேலி நின்றுவிட்டது.

மனு எழுதச் சொன்னவள் பெயர் லூர்துமேரி. அவள் புருஷன் சூசைராஜ், கல்வேலைக்காரன். உப்பலுக்கு அப்பால் ஒரு ஏரிக்கரை கட்டுவதற்காகத் திண்டுக்கல் பக்கத்திலிருந்து குத்தகைக்காரன் ஒருவன் நாற்பது குடும்பங்களை அழைத்து வந்தான். ஒரு மழைநாளில் கரை சரிந்து சூசைராஜ் உள்ளே போய்விட்டான். மண்ணைத் தோண்டி எடுக்க நேரமில்லை என்று அதன்மேலேயே கரையைக் கட்டி முடித்தார்கள். குத்தகைக்காரனின் ஆள்பதிவில் ‘ஓடிப்போனான்’ என்று எழுதிக்கொண்டார்கள். ஓடிப்போனவன் திரும்பி வரும்வரை அவன் குடும்பம் கூலிகள் தங்கும் லயத்தை விட்டு நகரக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அலமு கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள். “என் புருஷன் ஓடிப்போகவில்லை, கரைக்குள்ளேதான் இருக்கிறார். அப்படி எழுதிவிட்டால் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவேன். வேறொன்றும் கேட்கவில்லை.”

பதினேழு மனுவிலும் அதே கடைசி வரி. கையெழுத்து மாறியது, மனு எழுதியவர்கள் மாறினார்கள், பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஒரு பெண்ணுக்கு லயத்திலேயே கல்யாணமும் ஆயிற்று. கடைசி மனு போன வருஷம் எழுதியது. அதை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தாலும் படிக்க ஆளில்லை.

“இவ இன்னும் அங்கேயே இருக்காளாண்ணா?” என்று கேட்டாள் அலமு.

“இருப்பா.”

“அப்ப சீக்கிரம் வரை.”

அதற்குப் பிறகு ஜம்புநாதன் பாரிகத்துக்காக மட்டும் வரையவில்லை. வெள்ளிக்கிழமைகள் போக, ஒரு நாள்கூட விடாமல் வரைந்தான். அமர்தாது மாதக் கடைசியில், நம் கணக்கில் ஜூலை பிறந்து நான்கு நாள் ஆனபோது, சுருக்கம் முடிந்தது. எட்டுப் பக்கம். அப்துல் ரஹீம் அதை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டினார்.

“அடியில் சத்தியம் எழுது, மியான். ‘இந்த மொழி எனக்குத் தெரியும். நானே படித்தேன்.’ கையெழுத்து.”

ஜம்புநாதனின் பேனா நின்றது.

“போன வருஷம் ஒருவன் கன்னடக் கட்டு முடித்தான். பிறகு பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டு எழுதியிருக்கிறான். சுருக்கம் செல்லாது என்று கட்டு மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது. பையன் பெயரையும் அடித்துவிட்டார்கள். பாவம், இனி எந்தக் கோர்ட்டுக்கும் வக்கீலாக முடியாது.” அப்துல் ரஹீம் இதை ஒரு தகவலாகத்தான் சொன்னார். ஜம்புநாதனைச் சந்தேகப்படவே அவருக்குத் தோன்றவில்லை.

ஜம்புநாதன் சத்தியம் எழுதினான். இன்னும் ஒரு நாள்தானே, பாரிகத்து வந்துவிடும், நாற்காலி வந்துவிடும் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

மறுநாள் கச்சேரித் தலைவர் நாஜிம் சாஹேப் கூப்பிட்டனுப்பினார். பெரிய அறை, தலைக்குமேல் துணிவிசிறி ஆடிக்கொண்டிருந்தது. சுருக்கம் அவர் மேஜைமேல் இருந்தது. மூன்று மாணவர்கள் பாரிகத்தை வாங்கிச் சலாம் போட்டுவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

“நன்றாக எழுதியிருக்கிறாய்” என்றார் நாஜிம். “படித்ததும் உத்தரவு எழுதிவிட்டேன்.”

உத்தரவைத் திருப்பிக் காட்டினார். மை இன்னும் காயவில்லை. ‘ஓடிப்போனான்’ என்பதை அடித்து ‘சர்க்கார் வேலையில் இறந்தான்’ என்று எழுத வேண்டும், குடும்பத்தை அன்றே விடுவிக்க வேண்டும், நாளைக்கு ஆள் உப்பலுக்குப் போக வேண்டும். பதினேழு வருஷத்துக்கு ஒரு நாலு வரி. இதைக் கேட்டால் அலமு என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தபோது ஜம்புநாதனுக்குச் சிரிப்பு வந்தது.

“ஹுஜூர், என் பாரிகத்து...” என்று இழுத்தான்.

நாஜிம், அப்துல் ரஹீமைப் பார்த்தார். அப்துல் ரஹீம் முகமெல்லாம் மலர்ச்சியாகக் கதவைத் திறந்து கையசைத்தார். இரண்டு பியூன்கள் கட்டுகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார்கள். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போய் மறுபடி சுமந்து வந்தார்கள். எல்லாம் சிவப்புத் துணி, எல்லாம் தூசி.

“அரவக் கட்டுகள். முப்பத்தொன்பது” என்றார் அப்துல் ரஹீம். “மொழி தெரியும் என்று சத்தியம் செய்தவன் பொறுப்பில்தான் அந்த மொழியின் கட்டுகளெல்லாம் இருக்க வேண்டும், மியான். கச்சேரி வழக்கம். இத்தனை நாள் சத்தியம் செய்ய ஆளே கிடைக்கவில்லை.”

“இவை முடிந்ததும் பாரிகத்து” என்றார் நாஜிம். “அதுவரை சும்மா வேலை வாங்க மாட்டோம். மொழிபெயர்ப்பாளர் பதவி போட்டிருக்கிறேன். சர்க்கார் உத்தியோகம். ஏதாவது ஆட்சேபம் உண்டா?”

ஜம்புநாதன் கட்டுகளைப் பார்த்தான். ஒரு கட்டுக்கு ஐந்து வாரம் என்றால் முப்பத்தொன்பதுக்கு நான்கு வருஷம். அதற்குள் புதிதாக எத்தனை மனு வந்து சேரும்? வேதாசலத்தின் நாற்காலி போயிற்று. பதவி வேண்டாம் என்றால் பாரிகத்து கிடையாது, பாரிகத்து இல்லாவிட்டால் சனது கிடையாது. இதிலிருந்து வெளியேற ஒரே ஒரு வழிதான் பாக்கி. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய அதே வாக்கியம்: ‘எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.’

சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தான். வக்கீல் ஆசை போனால் போகட்டும், சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், அலமு மதராஸ் போவாள். வாயைத் திறந்தும் விட்டான். மேஜைமேல் அந்த உத்தரவு கிடந்தது. அவன் சொன்ன மறு நிமிஷம் சுருக்கம் செல்லாது. சுருக்கம் செல்லாவிட்டால் உத்தரவு செல்லாது. சூசைராஜ் மறுபடி ஓடிப்போனவன் ஆகிவிடுவான், லூர்துமேரி பதினெட்டாவது மனுவுக்கு ஆள் தேடுவாள்.

விசிறிக் கயிறு கிறீச்சிட்டது.

“இல்லை, ஹுஜூர்” என்றான்.

முப்பத்தொன்பது பொறுப்புச் சீட்டிலும் கையெழுத்துப் போட அரை மணி நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்தபோது அலமு கூடத்தில் பெட்டியைத் திறந்து துணியை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் எட்டு நாளில் ரயில். ஜம்புநாதன் முதலில் உத்தரவைப் பற்றிச் சொன்னான். அவள் கையிலிருந்த புடவையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், “நாளைக்கேவா? நிஜமாவா?” என்று நான்கு தரம் கேட்டாள். பிறகுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

“உன் பாரிகத்து எங்கே?”

சொன்னான். முப்பத்தொன்பது என்பதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

“நான் கத்துண்டுடறேன், அலமு. ராப்பகலா உக்காந்து கத்துக்கறேன். நீ கிளம்பு.”

“அந்தக் கையெழுத்தைப் படிக்க எனக்கே நாலு வருஷம் ஆச்சு. நீ இன்னும் அச்சையே கூட்டிப் படிக்கறே. அதுவரைக்கும் கச்சேரில என்ன பண்ணுவே? வெறுங்கையோட போனா ஒரு மாசத்துல கண்டுபிடிச்சுடுவா. கண்டுபிடிச்சா உத்தரவு செல்லாது, லூர்துமேரியை ஊர்லேர்ந்து மறுபடி லயத்துக்கே இழுத்துண்டு வந்துடுவா.”

ஜம்புநாதனும் வழி நெடுக சைக்கிளில் இதையேதான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், கணக்கு வேறு மாதிரி வரவேயில்லை.

“முப்பத்தொன்பது சீட்டுலயும் உன் பேரை மட்டுமா போட்டே?” என்றாள் அலமு. “என் பேரையும் சேர்த்துன்னா போட்டுட்டு வந்திருக்கே.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அந்தக் கணத்தில் அவனுக்கு வந்த வெட்கம், அன்றைக்கு ஐந்து பேர் முன்னால் வந்திருக்கக்கூடிய வெட்கத்தைப்போல் நூறு மடங்கு. அலமு பெட்டியிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள்.

“நான் மதராஸ் போகலைன்னு அப்பாகிட்ட நீயே சொல்லிடு. ஏன்னு கேட்டா, அவளுக்கு இஷ்டமில்லைன்னு சொல்லு.”

பத்மநாபன் பட்டறையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஜம்புநாதன் இரண்டையும் சொன்னான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம், பெண்ணுக்கும் நல்ல புத்தி வந்து வீட்டோடு இருக்கப்போகிறாள், இதைவிட ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? ஈரக் காலோடு உள்ளே வந்து, பாயசம் வைக்கச் சொன்னார். அலமுதான் வைத்தாள்.